தலைமேல் ஒரு புள்ளி

அவர்கள் மெய்யை மட்டும் எழுதினார்கள்.
உயிரை எழுதவில்லை.
ஆட்டுத்தோலில் கிடக்கும் உடம்பு;
வாசிக்கிறவன் வாயைத் திறந்தால்
எழுந்து நடக்கும்.

தமிழில் புள்ளி வைத்தால் எழுத்தின் உயிர் போய்விடும்.
அங்கே, திபேரியாவின் ஏரிக்கரையில்,
புள்ளி வைத்துத்தான் உயிர் கொடுத்தார்கள்.
எழுத்துக்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று:
பல்லைக் கடி, உதட்டைக் குவி, தாடையை விடு என்று
நாக்குக்கு இட்ட உத்தரவுகள்.

மெவோராக் பென் நெஹோராய்
அந்த வேலையில் இருந்தபோது ஒரு மாலை
கண்ணில் பட்டது.
கீழே இல்லை, மேலே.
எந்த ஓசைக்கும் சொந்தமில்லாத ஒரு புள்ளி
ஓர் எழுத்தின் தலைமேல்.

ஈ எச்சம், என்றார் பக்கத்துப் பலகைக்காரர்.
கோடையில் அந்த ஊர் ஈக்கள் பேர்போனவை.
மெவோராக் நகத்தை நீட்டினார். சுரண்டவில்லை.
செருப்பை மாட்டிக்கொண்டு
மேட்டுத்தெருச் சுருளைப் போய்ப் பார்த்தார்: இருந்தது.
மீன்சந்தைக்குப் பின்னால் இருந்த சுருள்: அதிலும்.
மூன்று சுருளில் ஒரே எழுத்தின்மேல்
ஒரே ஈ உட்காராது.
முதல் சுருளில் மட்டும் உட்கார்ந்திருக்கலாம்.
இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

எப்போதோ ஒருவன்,
இந்த எழுத்து இங்கே வேண்டுமா என்று
தயங்கி வைத்ததாம். அப்படியும் சொல்வதுண்டு.
அடிக்க மனமில்லை, விடவும் மனமில்லை;
பதில் தெரியாமலே செத்துப்போனான்.
அடுத்து வந்தவன்
எழுத்தைப் படியெடுத்தான்,
தயக்கத்தையும் படியெடுத்தான்.

மெவோராக்கும் வைத்தார்.
ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் குறித்தார்:
‘மேலே புள்ளி. இப்படிப் பதினைந்து இடம்.’
விளக்கை அணைத்துவிட்டு
மீன் சாப்பிடப் போனார்.

அந்த ஏடு கடல் கடந்தது தனிக்கதை.
கொள்ளைக்காரர் கையில் சிக்கியது,
ஃபுஸ்தாத் நகரில் மீட்புப்பணம் திரட்டியது,
எல்லாம் சொன்னால் நீளும்.
பட்டியலில் இருந்ததை மட்டும் சொல்கிறேன்:
மனிதர் நால்வர், புத்தகம் ஒன்று.
ஒரே வரி. ஒரே கணக்கு.
முபாரகா என்ற சாயக்காரி
ஒரு காதணியைக் கழற்றிக் கொடுத்தாள்.
மற்றதைப் போட்டுக்கொண்டே திரிந்தாள்.
அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

இப்போது அது ஹைஃபாவில், குளிரூட்டிய அறையில்.
பக்கம் பக்கமாக
ஏழு நிற வெளிச்சத்தில் படமெடுக்கிறாள்
ரகெஃபெத் அபர்கெல்.
கடவுளைப் பற்றி அவளுக்குத் தீர்மானமான கருத்தில்லை.
கால்வலி உண்டு.
மென்பொருள் தூசி தட்டித் தருகிறது:
‘அழுக்கு நீக்கப்பட்டது. 212.’

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
அடுத்த பக்கத்துக்குப் போகும் முன்
ஓரத்து எறும்புகளைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.
மேலே புள்ளி.
மேலே பார்த்தாள்.
தோல்தான் இருந்தது, சுத்தமாக.

ஆயிரம் வருடத்துக்கு அப்பால் இருந்து ஒருவர்
செருப்புச் சத்தத்தோடு ஓடிவந்து
கையைப் பிடித்த மாதிரி இருந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டையும் திரும்பக் கொட்டினாள்.
மெழுகுச் சொட்டு, பூச்சி அரித்த துளை,
யாருடைய விரல் வியர்வையோ.
ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி
ஒன்றை மட்டும்
இருந்த இடத்தில் விட்டாள்.
என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியாது.
அன்று நேரம் கடந்து வேலை செய்ததற்குக் கூலி கிடையாது.

பேருந்தில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தாள்.
திரையில் கறுப்பாக ஏதோ.
கட்டைவிரலால் தேய்த்தாள்.
போகவில்லை.
இன்னொரு முறை தேய்க்கலாமா என்று
அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்,
இறங்கும் நிறுத்தம் தாண்டியும்.